அப்பா கைவைத்த நிறம்

என் வயதுக்காரர்கள் யாராவது இப்போது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். கடையில் தடிமனாக ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வெள்ளையிலேயே முப்பது வெள்ளை இருக்கிறது. போன மாதம் ஹாலுக்கு நிறம் தேடி நான் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கடையிலிருந்த பெண், "உங்களுக்கு இன்னா புடிக்கும் மேடம், அத சொல்லுங்க. மெஷினு கலந்து குடுத்துடும்" என்றாள். நான் இன்னொரு பக்கத்தைப் புரட்டினேன். நம்மிடம் சின்ன வயதில் யார் அப்படிக் கேட்டார்கள்? என் அம்மாவிடம் அவள் முப்பதைத் தாண்டும் வரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்ட அன்று என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில், ஏரிக்கரைப் பக்கம், ஒரு வீட்டின் பின் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். சுவரெல்லாம் மஞ்சள் சுண்ணாம்பு. சாய்ந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் என் முதுகைப் பார்த்தே எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரர் முதல் நாளே போட்ட சட்டம். காலண்டர் எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பியில் தொங்கியது. காற்றடித்தால் தேதி எல்லாம் திரும்பிக்கொள்ளும்.

அப்பாவுக்குப் புதுப்பட்டினத்தில் வேலை. பக்கத்து அணுமின் நிலைய நகரியத்து ஆட்கள் மளிகை வாங்கும் ஒரு பண்டகசாலையில் எழுத்தர். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும், "அம்மாவ கேளு" என்பதுதான் பதில். தீபாவளிக்கு என் பாவாடை எந்த நிறம்? அம்மாவைக் கேள். ஜன்னலுக்கு எந்தத் திரை? அம்மாவைக் கேள். அவர் போட்டுக்கொள்ளும் சட்டையையும் பேன்ட்டையும் கூட அம்மாதான் காலையில் எடுத்து வைப்பாள். மார்க்கெட்டுக்குப் போனால் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி வருவார். தக்காளி மட்டும் வாங்கமாட்டார். அது அம்மாவின் இலாகா.

அவருடைய பேன்ட்களின் இடுப்புப் பட்டைக்குள் அம்மா வெள்ளை நூலால் முடிச்சுகள் தைத்து வைத்திருந்தாள். ஒன்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. சலவைக்குப் போட்டால் மாறாமல் இருக்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுத் துணி ஒருநாளும் வெளியே சலவைக்குப் போனதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊருக்குள்ளேயே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். பெரியம்மா வரும்போதெல்லாம், "இன்னாடி, புருஷனுக்கு சட்ட கூட நீதான் பொறுக்கித் தரணுமா? வாயில்லாத ஆளு கெடச்சிட்டாரு உனக்கு" என்பாள்.

"ஆமாக்கா, எனக்கு புடிச்சததான் அவரு போடணும்" என்று அம்மா சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அப்பாவை அம்மா அடக்கி வைத்திருக்கிறாள் என்று நானும் நம்பினேன். பத்து வயதுப் பெண்ணுக்கு அப்பா என்றால் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியப்பாவுக்கு அப்பா மேல் வேறொரு கோபம் இருந்தது. அவர்களுடைய அப்பாவும் ரயில்வேக்காரர்தான், ஸ்டேஷனில் கொடி காட்டும் வேலை. இரண்டு பிள்ளைகளையும் ரயில்வேயில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பெரியப்பா சேர்ந்துவிட்டார். அப்பா மட்டும் எழுத்துப் பரீட்சை எல்லாம் தேறியபின், கடைசி நாள் கூப்பிட்டதற்குப் போகவேயில்லை என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டாராம். பெரியவர் அந்த வருத்தத்தோடே போய்ச் சேர்ந்தார். அதைப் பெரியப்பா எந்த விசேஷத்திலும் சொல்லாமல் விடமாட்டார். "வந்த வேலைய வேணாம்னு வுட்டுட்டு சக்கர நிறுத்துகினு கீறான்" என்பார். அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ஆனாலும் அப்பா புதுப்பட்டினத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு மனை வாங்கி இரண்டு அறை வீடு கட்டத் தொடங்கியபோது, லீவு நாளெல்லாம் வந்து கூட நின்றவர் பெரியப்பாதான். திட்டிக்கொண்டே செங்கல் எண்ணுவார். திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார். பூச்சு வேலை முடிந்தபோது சித்திரை பிறந்துவிட்டது. வைகாசியில் புதுமனை புகுவதற்கு நாள் குறித்தார்கள். பெயின்ட் அடிப்பதுதான் பாக்கி.

பெயின்டர் புதுப்பட்டினத்துக்காரர். ஒல்லியான ஆள். கைவிரல் நகங்கள் பத்தும் பத்து நிறத்தில் இருக்கும். வெள்ளையை வாளியில் கரைத்து, சின்ன சின்ன புட்டியிலிருந்து சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்குவார். அந்தக் குச்சி சுற்றும்போது வெள்ளைக்குள் நிறம் ஒரு கோடாக ஓடி, அகன்று, காணாமல் போகும். நான் வாளி பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்பேன். ஈரச் சுண்ணாம்பின் வாசனையும் சவுக்கு மரங்கள் ஓயாமல் எழுப்பும் அந்த ஓசையும் இன்றைக்கும் எனக்கு ஒன்றாகத்தான் ஞாபகம் வருகின்றன.

வாசல் கதவுக்குப் பக்கத்தில், சுவரில், அவர் சாம்பிள் அடித்துக் காட்டினார். ஒரு முழ அகலத்துக்கு ரோஸ், அடுத்து வெண்மஞ்சள், அடுத்து சந்தனம். கடைசியாக, குச்சியிலும் தூரிகையிலும் மிச்சமிருந்த எல்லாக் கலவையையும் சுவரிலேயே துடைத்தார். அது நான்காவது சதுரம். பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், மழைக்காலத்தில் கிணற்றடிச் சுவர் இருக்குமே, அந்த நிறம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா, பெரியம்மா, நாங்கள் மூவர், எல்லோரும் வெயிலில் நின்றிருந்தோம்.

"வூட்டுக்காரி இன்னா சொல்றாங்க?" என்று பெரியப்பா கேட்டார், அப்பாவைப் பார்த்து. "உங்கிட்ட கேட்டு இன்னா பிரயோஜனம். உனக்குன்னு ஒரு நெனப்பு இருந்தாத்தானே."

பெரியம்மா சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "நீங்களே சொல்லுங்கப்பா. நீங்கதானே வூடு கட்டினீங்க. நீங்க சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அப்பா நாலடி நடந்துபோய், "சந்தனம் அடிச்சிடலாம். இதான் நல்லா கீது" என்று உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

நான்காவது சதுரத்தில்.

பெயின்டர் அப்பாவின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பெரியப்பா புருவத்தைச் சுருக்கி, "டேய், இதுவாடா சந்..." என்று ஆரம்பித்தார்.

"அதேதான்" என்று அம்மா குறுக்கே புகுந்தாள். "அந்தக் கலருதான் மாமா எனக்கு வேணும். வந்ததுமே அவருகிட்ட சொல்லிட்டேன். சந்தனம்தான் எல்லாரும் அடிக்கிறாங்களே, இது புதுசா கீதுன்னு. அவரு பேரு மாத்தி சொல்றாரு, அவ்ளோதான்."

"அம்மா, அது நான் தொடச்சது" என்றார் பெயின்டர் மெதுவாக.

"தொடச்சதோ அடிச்சதோ. அதே மாதிரி கலந்துடுங்கண்ணே."

பெரியப்பா கையை உதறிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அப்பா சுவரிலிருந்து கையை எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையெல்லாம் ஈரம்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அப்பா முதல் தடவையாக வாயைத் திறந்து சந்தனம் வேண்டுமென்றார், அம்மா அதைக் கூட நடக்கவிடவில்லை.

வீடு முழுக்க அந்த நிறம் அடித்தபோது, சதுரமாகப் பார்த்ததை விட மோசமாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்து மனைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பேர் வைத்துவிட்டார்கள், "பாசி வூடு". பால்காரர் கூட அடையாளத்துக்கு அப்படித்தான் சொன்னார். பெரியம்மா செங்கல்பட்டு முழுக்க சொன்னாள். அம்மாவை எங்கே பார்த்தாலும், "இன்னா ரசனைடி உனக்கு" என்று கேட்டார்கள். அம்மா எல்லோரிடமும், "எனக்கு புடிச்சிது" என்று மட்டும் சொன்னாள். நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். சாப்பாடு போட்டால் தட்டை அப்பா பக்கத்தில் நகர்த்திக்கொள்வேன். அவள் அங்கேயே வந்து பரிமாறினாள். தலை பின்னும்போது மட்டும் வழக்கத்தை விட மெதுவாகச் சிக்கெடுத்தாள்.

இரண்டு வாரம் அப்படிப் போனது.

விசேஷத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, கதவுக்கு வார்னிஷ் காய்ந்ததா என்று பார்க்க அப்பா என்னை மட்டும் இட்டுக்கொண்டு புதுப்பட்டினம் போனார். பஸ்ஸிலிருந்து இறங்கி மனைக்குப் போகிற மண் பாதையில், தோப்பு வேலி நெடுக கோவைக் கொடி படர்ந்திருக்கும். அன்று பழுத்துத் தொங்கியது. பச்சை இலைக்கு நடுவே விரல் விரலாகச் சிவப்பு. எனக்கு எட்டாத உயரத்தில் நாலு பழம்.

"அப்பா, அத பறிச்சித் தாங்க."

"எது?"

"கோவப்பழம். தோ, உங்க மூஞ்சிக்கு நேரா."

அப்பா வேலியைப் பார்த்தார். கையை நீட்டினார். கை பழத்தைத் தாண்டிப் போய் இலைகளைத் தடவியது. திரும்பி வந்தது. மறுபடி போனது. வீட்டில் கரண்ட் போனால் நாம் தீப்பெட்டியைத் தேடுவோமே, அப்படித் தேடியது. விரலில் ஒரு பழம் தட்டுப்பட்டதும் பிடித்துப் பறித்தார். பறித்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதானே?" என்றார்.

நான் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு தெரியலயாப்பா? செவப்பா இருக்குதே."

"தொட்டாத்தான் தெரியும்" என்றார். பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தார். பிறகு, பெரியவர்களிடம் பேசுவது போல என்னிடம் சொன்னார். பச்சையும் சிவப்பும் அவருக்குப் பிறவியிலிருந்தே பிரிந்து தெரியாது. இரண்டும் ஒரே மண் நிறம்தான். ரயில்வேயில் கடைசி நாள் அவர் போயிருந்தார். ஒரு அறையில் உட்கார வைத்துப் புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டினார்களாம். "மத்தவங்கல்லாம் அதுல கீற நம்பர கடகடன்னு படிச்சாங்க. எனக்கு வெறும் புள்ளி. ஒரு பக்கத்துல ஏதோ தெரியுதுன்னு குத்துமதிப்பா எட்டுன்னேன். அவரு புஸ்தகத்த மூடிட்டாரு."

"அப்பால ஏம்பா போவலன்னு சொன்னீங்க?"

"எங்கப்பா கொடி காட்டற ஆளு. அவரு புள்ளைக்கு கொடி கலரு தெரியலன்னு எப்பிடி சொல்றது? சோம்பேறின்னு சொன்னா திட்டுவாரு. அது பரவாயில்ல."

"அப்போ, அந்த சந்தனம்..."

"பெயின்ட் டப்பாவுல பேரு எழுதியிருந்தா படிச்சிடுவேன். செவுத்துல பேரு எழுதல" என்றார் அப்பா. "உங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆன மொத வாரமே தெரிஞ்சிபோச்சி. பச்சத் தக்காளியா பொறுக்கி வாங்கிட்டுப் போனேன். ஒண்ணும் சொல்லாம கூட்டு பண்ணி வச்சா. மறுநாள்லேந்து சட்டைய அவளே எடுத்து வைக்க ஆரம்பிச்சிட்டா."

இடுப்புப் பட்டை முடிச்சுகள் எனக்கு அப்போதுதான் விளங்கின. ஒன்று பழுப்பு, இரண்டு பச்சை, மூன்று சாம்பல். அம்மா ஊருக்குப் போகும் நாட்களில் அவர் தடவிப் பார்த்துப் போட்டுக்கொள்வதற்கு.

வீட்டுக்குப் போனதும் அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன் என்று எழுத ஆசைதான். அப்படிச் செய்யவில்லை. வெட்கமாக இருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் இரண்டு உரித்தேன். அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லிட்டீங்களா?" என்றாள். பிறகு என் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "யார்கிட்டயும் சொல்லக்கூடாது. பெரிம்மாகிட்ட மூச்சு வுடக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். வெங்காயக் கையில் சத்தியம் செய்தேன்.

புதுமனை அன்று காலையில் பால் பொங்கியது. மத்தியானம் பின்பக்கம் பந்தலில் இலை போட்டார்கள். அப்பா சாம்பார் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பரிமாறினார், அம்மா பின்னாலேயே பாயசம். முதல் பந்தியில் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பக்கத்து உறவெல்லாம். பேச்சு நிறத்துக்கு வந்தது. வராமல் எப்படி இருக்கும்? வீடே அவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்த நிறத்தில் நிற்கிறது.

"கஷ்டப்பட்டு கட்டின வூட்டுக்கு பாசி புடிச்சா மாதிரி ஒரு கலரு" என்றாள் பெரியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க கொழுந்தனாரு பாவம் சந்தனம்தான் கேட்டாரு. அவரு வாயத் தொறந்ததே அதிசயம். அதையும் வுட்டாளா? ரசனையும் இல்ல, புருஷன்னு ஒரு மரியாதையும் இல்ல."

இலை முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பாயசக் கரண்டியைப் பிடித்திருந்த கை மட்டும் ஒரு கணம் நின்று மறுபடி அசைந்ததை நான் பார்த்தேன்.

அப்பா பக்கெட்டைக் கீழே வைத்தார். டங்கென்று ஒரு சத்தம்.

"அண்ணி, அவள ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் கலரு நான் கைவச்சது. சந்தனம்னு நெனச்சித்தான் வச்சேன்."

"பொண்டாட்டிய காப்பாத்தறதுக்கு இன்னா பேச்சு பாரு" என்று பெரியம்மா மறுபடி சிரித்தாள்.

"காப்பாத்தல அண்ணி. அவதான் என்ன காப்பாத்திகினு கீறா." அப்பா பந்தி முழுக்க ஒருமுறை பார்த்தார். "எனக்கு பச்சையும் செவப்பும் பிரிச்சித் தெரியாது. பொறந்ததுலேந்தே. ரயில்வேக்குப் போவலன்னு சொன்னேனே, போனேன். கண்ணு டெஸ்ட்ல வெளிய அனுப்பிட்டாங்க. அப்பாகிட்ட சொல்ல தைரியம் வரல. பொய் சொன்னேன். இத்தினி வருஷமா என்னப் பேசவேண்டிய பேச்செல்லாம் இவ வாங்கிகினா."

"வாணாங்க" என்றாள் அம்மா. சத்தமே வரவில்லை.

பந்தலில் எல்லோரும் கையை இலையில் வைத்தபடி இருந்தார்கள். பெரியப்பா மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டேய், அந்தக் கொடி..." என்றார்.

"ஆமாண்ணா."

"சின்னதுல அப்பா பச்சக் கொடிய எடுத்தாடான்னா செவப்ப எடுத்தாந்து குடுப்பியே."

"ஆமாண்ணா."

"வெளாட்டு காட்றேன்னு பெல்ட்டால அடிச்சாரு."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பக்கத்துல சிரிச்சிகினு நின்னேன்" என்றார் பெரியப்பா. சோற்றுக் கையோடு எழுந்தார். இடது கையால் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். வேறு ஏதோ சொல்ல வந்து, "நீ குந்துடா. நான் போடறேன்" என்று சாம்பார் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டார். எச்சில் கையோடு பரிமாறக்கூடாது என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பெரியம்மா தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அம்மா பாயசத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். இல்லை. உள்ளே பாத்திரங்கள் விழுந்துகொண்டிருந்தன.

விருந்தாளிகள் போனதும் அவள் வெடித்தாள். "யாரு கேட்டாங்க உங்கள? கட்டிக் காத்தத எல்லாம் பந்தியில போட்டு ஒடச்சிட்டீங்க. நாளைக்கு இவளுக்கு மாப்ள பாக்க வந்தா, அவங்கப்பனுக்கு கண்ணு கோளாறுன்னு பேசுவாங்க. தெரியுமா? எனக்கு வலிக்கிதுன்னு நான் சொன்னனா?"

"எனக்கு வலிச்சிது" என்றார் அப்பா.

அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தச் சுவரிலிருந்து கையை எடுத்த நாளுக்கும் பக்கெட்டைக் கீழே வைத்த நாளுக்கும் நடுவில் ஒரு மாதம் இருக்கிறது. அந்த ஒரு மாதமும் அவள் வாங்கிய பேச்செல்லாம் அவர் காதில் விழுந்தது. நான் அவரை எவ்வளவு நேசித்தாலும் அது அப்படித்தான். அவருக்கும் அது தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த லீவு நாளில் பெரியப்பா பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வாசலிலேயே நின்று, அம்மாவைப் பார்த்து, "உனக்கு இன்னா கலரும்மா வேணும்? நெசமா உனக்கு புடிச்சது" என்று கேட்டார்.

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "யோசிச்சி சொல்றேன் மாமா" என்றாள். அவள் எதற்கும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. எனக்கு இன்னொன்றும் உறைத்தது. என் அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்கும் தெரியாது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கிளப்பி எங்களை மாமல்லபுரத்துக்கு இட்டுக்கொண்டு போனாள். சிற்பம் பார்க்க வந்த கூட்டத்தையெல்லாம் தாண்டி நேரே கடற்கரைக்கு நடந்தாள். மணலில் படகுகள் ஏற்றிக் கிடந்தன. வலை காய்ந்துகொண்டிருந்தது. கருவாட்டு வாசனை. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"தோ, அந்தப் படகு இன்னா கலரு?"

"மண்ணு."

"அது?"

"அதுவும் மண்ணுதான். கொஞ்சம் அழுக்கு மண்ணு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிச்சமிருந்த கோபமும் அந்த இடத்தில்தான் போனது. "அது? அந்தக் கடேசில கீதே."

"அது நீலம்" என்றார் அப்பா. "அது எனக்கு நல்லா தெரியும். மத்ததெல்லாம் மங்கிக் கெடக்கும். அது ஒண்ணு மட்டும் எழுந்து நிக்கும்."

"புடிக்குமா?"

"ரொம்ப புடிக்கும்."

"ஒரு வாட்டி கூட சொன்னதில்லயே நீங்க."

"நீ கேக்கலயே."

அம்மா அலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எது போடணும்னு நானே எடுத்து எடுத்து வச்சேன்" என்றாள் மெதுவாக. "தப்பா எடுத்துடக் கூடாதேன்னு. எது புடிக்கும்னு கேக்கவே இல்ல."

"உனக்கு இன்னா புடிக்கும்?" என்றார் அப்பா.

அவள் என்னைப் பார்த்தாள், நான் காது கேட்காதவள் போல மணலைத் தோண்டினேன். "சிரிக்கமாட்டீங்களே?" என்றாள். "செவப்பு. காஞ்ச மொளகா செவப்பு. வூட்டு முன்னாடி வாணாம். சமையக்கட்டுக்கு. அங்க நான்தானே நிக்கப்போறேன்."

அப்பா படகுக்காரரிடம் போய் அந்த நீலம் எந்த டப்பா என்று கேட்டு, பேரைத் தன் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

வாசல் சுவருக்கு நீலத்தைப் பெரியப்பாவே அடித்தார். பெயின்டர் எவ்வளவு சொல்லியும் ஏணியிலிருந்து இறங்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ரயில்வேல நாங்க அடிக்காத பெயின்ட்டா" என்று மூன்று வாரம் லீவு நாளெல்லாம் வந்து அடித்தார். பாசி நிறத்தின் மேல் இரண்டு பூச்சு ஆனது. வேலை வேண்டாமென்று விட்டவன் என்ற பேச்சு அதற்கப்புறம் அவர் வாயில் வரவேயில்லை. மன்னிப்பு என்றும் அவர் கேட்டதில்லை. ஏணியை அப்பா பிடித்துக்கொள்வார். இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசாமல் வேலை செய்வார்கள். பெரியம்மா ஒருநாள் அவரோடு வந்து, அம்மாவின் சமையலறைக்கென்று இரண்டு பீங்கான் ஜாடி வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவளுக்கு வந்தது.

சிவப்பு அடிக்கத்தான் பெயின்டர் தயங்கினார். "சமையக்கட்டுக்கு யாரும் இந்தக் கலரு அடிக்கமாட்டாங்கம்மா. இருட்டா பூடும்."

"நான் அடிப்பேன்" என்றாள் அம்மா. "லைட்டு போட்டுக்கறேன்."

அடித்தார். நாலு சுவரும் சிவப்பு. மேடை கறுப்பு. பாத்திரமெல்லாம் அதற்கு முன்னால் புதிதாகப் பளபளத்தன. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நடுவில் நின்று ஒவ்வொரு சுவராகத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு முகம் அவளுக்கு உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்பா வேலை விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் உள்ளே போனார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார்.

"எனக்கு மண்ணாத்தான் தெரியுது" என்றார் சங்கடத்தோடு. "உனக்கு எப்படி கீது, சொல்லேன்."

அம்மா எப்படிச் சொல்வது என்று தேடினாள். பிறகு அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பந்தியில பக்கெட்ட கீழ வச்சிட்டு அத்தினி பேரு முன்னாடி பேசினீங்களே. அப்போ உள்ள எனக்கு எப்படி இருந்துச்சோ, அப்படி கீது."

"கோவமாவா?"

"அதுவும்தான்."

அப்பா சுவரை மறுபடி பார்த்தார். இப்போது கொஞ்சம் தெரிவதுபோலத் தலையை ஆட்டினார். அம்மா அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். அந்தச் சமையலறை சின்னது, ஒருவர் நின்றாலே இன்னொருவருக்குக் கை இடிக்கும். நாங்கள் யார் உள்ளே போனாலும் விரட்டிவிடுவாள். அன்று சோறு வடிக்கும் வரை அப்பா அங்கேயே நின்றார். அவள் நகரச் சொல்லவில்லை.